கலாமைக் கொண்டாடுகிறோம், கேள்வி கேட்கும் பிள்ளையை அதட்டுகிறோம்!



மேற்கு மாம்பலத்தில் நாம் பாடம் நடத்தும் மாலை நேர மக்தபில் ஒரு நாள் தொழுகையின் நிபந்தனைகளை விளக்கிக்கொண்டிருந்தோம். கிப்லாவை முன்னோக்குவது பற்றிச் சொல்லி முடித்ததும் ஒரு சிறுவன் எழுந்தான். "உஸ்தாத், விண்வெளிக்குப் போனவர் எந்தப் பக்கம் பார்த்துத் தொழுவார்?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். "பாடத்தைக் கவனி" என்று அதட்டி அவனை உட்கார வைத்தோம். அதன்பின் அவன் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டான்.

அவன் கேட்டது குறும்பல்ல, ஃபிக்ஹ் என்பதைப் பிறகே உணர்ந்தோம். 2007 அக்டோபரில், ரமலான் மாதத்தில், மலேசிய மருத்துவர் ஷேக் முஸஃபர் ஷுகூர் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். அப்பயணத்துக்காக அந்நாட்டு ஆலிம்கள் கூடி ஆராய்ந்து வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டார்கள். இயன்றால் கஅபாவை நோக்க வேண்டும்; இயலாவிடில் பூமியை நோக்க வேண்டும்; அதுவும் இயலாவிடில் இயன்ற திசையில் தொழலாம் என்பது அதன் சாரம். ஆலிம்கள் கூடி விடை தேடிய கேள்விக்கு நாம் அதட்டலைப் பதிலாகக் கொடுத்திருக்கிறோம்!

"நம் சமுதாயத்தில் இன்னொரு அப்துல் கலாம் ஏன் உருவாகவில்லை?" என்று மேடைதோறும் முழங்குகிறோம். வசதியில்லை, வாய்ப்பில்லை என்று காரணம் அடுக்குகிறோம். அவையும் உண்மைதாம். ஆனால், புதியதைக் கண்டறிபவனுக்கு வேண்டிய குணங்களை நம் வீட்டிலும் மத்ரஸாவிலும் நாமே கிள்ளி எறிகிறோமே, அதை எந்த மேடையில் பேசுவது?

முதல் குணம் கேட்கும் துணிவு. நம்மில் சிலர் புதியது எதைக் கண்டாலும் 'பித்அத்' என்ற சொல்லை வீசுகிறார்கள். மார்க்கத்தில் இல்லாததை வணக்கமாகச் சேர்ப்பதே வழிகெட்ட பித்அத். உலகத் தொழில்களின் நிலை வேறு. மதீனாவின் பேரீச்சை மரங்களுக்குச் செய்யும் மகரந்தச் சேர்க்கை பற்றி நபி (ஸல்) அவர்கள் ஒரு கருத்துச் சொன்னார்கள், மக்கள் அதை விட்டார்கள், விளைச்சல் குன்றியது. உங்கள் உலக விவகாரத்தை நீங்களே நன்கறிவீர்கள் என்ற கருத்தில் அண்ணலார் கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இதைவிடத் தெளிவான அனுமதி வேறென்ன வேண்டும்?

இரண்டாவது, நல்லதை எவரிடமிருந்தும் ஏற்கும் மனம். ஹிஜ்ரி 5-இல் எதிரிகள் மதீனாவை நோக்கிப் படைதிரட்டி வந்தபோது, அகழ் தோண்டும் யோசனையைச் சொன்னவர் பாரசீகரான ஸல்மான் (ரலி) அவர்கள். அரபுகள் அறியாத போர்முறை அது. "நம் முன்னோர் செய்யாதது" என்று நபியவர்கள் தள்ளிவிடவில்லை; தாமே மண் சுமந்தார்கள்.

மூன்றாவது, தோல்வியைத் தாங்கி, தவற்றை ஒப்புக்கொள்ளும் நேர்மை. கலாம் தலைமையேற்ற எஸ்.எல்.வி-3 ஏவுகலம் 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு வங்கக்கடலில் விழுந்தது. ஏவலாமா என்ற முடிவு தம்முடையது என்பதைக் கலாம் பிற்காலத்தில் மறைக்காமல் சொல்லிவந்தார். ஆனால், அன்று செய்தியாளர் முன் பொறுப்பேற்று நின்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு ஜூலை 18-இல் அதே வகை ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அப்போது செய்தியாளரைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார் தவான்.

இந்தப் பக்குவம் நமக்கு அந்நியமா? முயன்று தீர்ப்பளித்த நீதிபதி தவறினாலும் ஒரு கூலி உண்டு, சரியாக அமைந்தால் இரு கூலி என்ற நபிமொழியை நாம்தாமே பாடம் நடத்துகிறோம்! அப்படியிருக்க, நீட்டில் ஒருமுறை தவறிய மகளை உறவினர் முன் குத்திப் பேசுவது எந்த மார்க்கம்? தொழில் தொடங்கி நட்டப்பட்ட மகனிடம் "அப்போதே சொன்னேனே" என்று வாப்பாமார் ஆயுள் முழுதும் சொல்லிக்காட்டுவது எந்த சுன்னத்?

நம் மாம்பலம் நிலையத்தில் மின்தொடர் வண்டி ஏறினால் சிறிது நேரத்தில் குரோம்பேட்டை வந்துவிடும். அங்குள்ள எம்.ஐ.டி.யில் சேரக் கலாமிடம் பணமில்லை. அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கட்டணத்துக்கு வழி செய்தார். திருமணப் பந்தலுக்கு அடகு வைக்கத் தயங்காத நாம், பிள்ளையின் தேடலுக்கு எதை அடகு வைத்திருக்கிறோம்?

ஒரு மாலை அந்தச் சிறுவனை அழைத்து, வகுப்பின் முன்பாகவே நம் தவற்றைச் சொல்லி, அவன் கேள்விக்கு விடையும் சொன்னோம். அவன் மீண்டும் கையுயர்த்த மூன்று வாரங்களாயின. ஒரே ஓர் அதட்டலின் விளைவு அது! வீட்டில் நாள்தோறும் அதட்டப்படும் பிள்ளையின் நிலையைப் பெற்றோர் எண்ணிப் பார்க்கட்டும்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு அவர்களின் கேள்விகளைப் பொறுமையோடு கேட்கும் உள்ளத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.