பாங்க் பிடித்த வரியும் பழைய இனிஷியலும்

"எனக்கென்ன சம்பாத்தியமா இருக்கு, வரி கட்ட?" என்று கேட்கும் சகோதரிகளுக்காகவே இந்தத் தடவை எழுதுகிறேன். நீங்கள் கட்டாவிட்டாலும், உங்கள் பேரில் டெபாசிட் இருந்தால் பாங்க் உங்களுக்காகக் கட்டிவிட்டிருக்கும். பாஸ் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். வட்டி வரவு வைத்த இடத்துக்குப் பக்கத்தில் டி.டி.எஸ். என்று மூன்றெழுத்துப் போட்டு ஒரு தொகையைக் கழித்திருக்கிறார்களா? அதுதான் நான் சொல்லும் வரி. உங்கள் மொத்த வருமானம் வரிக்கு உட்படாத அளவில் இருந்தால், அந்தத் தொகை முழுக்க உங்களுடையது. கேட்டால் திரும்பக் கிடைக்கும். கேட்காவிட்டால் கிடைக்காது.

எங்கள் எதிர் வீட்டு அக்காவுக்கு அவர் அப்பா, தாம் காலமாவதற்கு முன் பத்து லட்ச ரூபாய் டெபாசிட் போட்டுக் கொடுத்திருந்தார். ஏழு சதவீத வட்டி. வருஷத்துக்கு 70,000 ரூபாய். வேறு வருமானம் கிடையாது. 2023-24 நிதியாண்டில், அறுபது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு பாங்க் வட்டி 40,000 ரூபாயைத் தாண்டினால் வரி பிடித்தார்கள். (2025 ஏப்ரலில் இந்த வரம்பை 50,000 ஆகவும், அறுபது ஆனவர்களுக்கு ஒரு லட்சமாகவும் உயர்த்தினார்கள்.) பத்து சதவீதம் பிடித்ததில் அக்காவுக்கு 7,000 ரூபாய் போயிற்று. பான் எண் கொடுக்காமல் இருந்திருந்தால் இருபது சதவீதம், 14,000 போயிருக்கும்!

"ஏழாயிரந்தானே, போனாப் போகுது விடும்மா. இதுக்குன்னு ஆடிட்டர் வீட்டுக்கு அலையச் சொல்றியா?" என்றார் அக்கா. கத்தரிக்காய்க்காரரிடம் இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பவர் அவர்! நான் விடவில்லை. 2024 ஜூலையில் அவர் மகனை உட்கார வைத்து ரிட்டர்ன் போட வைத்தேன்.

ரிட்டர்ன் போட்டதோடு வேலை முடியவில்லை. முப்பது நாளுக்குள் அதைச் சரிபார்த்துவிட வேண்டும். ஆதாரோடு சேர்த்த போன் நம்பருக்கு ஓ.டி.பி. வரும், அதைப் போட்டால் ஆயிற்று. போடாமல் விட்டால் ரிட்டர்ன் போடாததற்குச் சமம்தான். பானையும் ஆதாரையும் இணைக்காமல் வைத்திருப்பவர்கள் முதலில் அதைக் கவனியுங்கள். 2023 ஜூலை முதல், இணைக்காத பான் செயலற்றதாகிவிடுகிறது. அந்த நிலையில் ரீபண்டும் வராது.

ஆகஸ்டில் பெங்களூர் அலுவலகத்திலிருந்து ஈ மெயிலில் ஓர் ஆணை வந்தது. "நோட்டீஸ் வந்திருக்காம்! அவருக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவாரு" என்று அக்கா நடுங்கிப் போனார். 143(1) என்று தலைப்பில் இருந்தால் பயப்படாதீர்கள். நாம் போட்ட கணக்கும் அவர்கள் போட்ட கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அவ்வளவுதான். அதைத் திறக்க ஒரு சாவி உண்டு: பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, கூடவே பிறந்த தேதி, மாதம், வருஷம். அக்காவின் ஆணையில் 7,175 ரூபாய் என்று இருந்தது. மாதத்துக்கு அரை சதவீத வட்டியும் சேர்த்துத் தருவார்கள். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை ஐந்து மாதத்துக்கு 175 ரூபாய்.

ஆனால் பணம் வரவில்லை.

முன்பெல்லாம் ரீபண்ட் செக்காகத் தபாலில் வரும். வீடு மாறியிருந்தால் திரும்பிப் போகும். பீரோவில் பத்திரமாக வைத்து மறந்தால் காலாவதியாகும். 2012 ஏப்ரலுக்குப் பிறகு செக்குக்கு ஆயுள் மூன்றே மாதம். இந்தத் தொல்லையெல்லாம் 2019 மார்ச் 1-ஆம் தேதியோடு தீர்ந்தது. அன்று முதல் பணம் நேரே பாங்க் கணக்குக்குப் போகிறது. சௌகரியம்தான், ஆனால் யார் பான் கார்டோ அவர் பேரில் உள்ள கணக்காக இருக்க வேண்டும். "அவரு கணக்குலேயே போட்டுடச் சொல்லேன்" என்றால் நடக்காது. அந்தக் கணக்கையும் வருமான வரி இணையதளத்தில் முன்கூட்டியே பதிந்து, சரிபார்த்திருக்க வேண்டும்.

இங்கேதான் அக்கா சிக்கிக்கொண்டார். இணையதளத்தில் போட்ட ரிட்டர்னைத் திறந்து பார்த்தால் 'ரீபண்ட் ஃபெயில்டு' என்று இருந்தது. காரணம், பெயர் பொருந்தவில்லை!

நம்மில் எத்தனை பேருக்கு ஒரே பெயர் இருக்கிறது, சொல்லுங்கள்? பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் அப்பா இனிஷியல். கல்யாணமானதும் ரேஷன் கார்டில், காஸ் புத்தகத்தில், பாங்கில் வீட்டுக்காரர் இனிஷியல். பான் கார்டிலோ இனிஷியலே எடுபடாது. விரித்து எழுத வேண்டும். அக்காவின் பானில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, பாங்க் கணக்கில் கணவரின் ஓர் எழுத்து. நமக்கு இரண்டும் அக்காதான். கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பெண்கள். ஆண்களுக்கு இந்தத் தலைவலி எவ்வளவு குறைவு என்று நினைத்தால் எரிச்சலாகத்தான் வருகிறது.

ஆதாரில் அப்பா பெயரே இருந்தது நல்லதாயிற்று. பானையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போய், இரண்டிலும் உள்ளபடி கணக்கில் பெயரை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். "புருஷன் பேரை எடுக்கச் சொல்றியே, வீட்ல என்ன நினைப்பாங்க?" என்று வழியெல்லாம் அக்காவுக்கு விசாரம். வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பணம் வரட்டும், பேர் எப்படி இருந்தா என்ன?" என்றாராம். பாங்கில் மாறியதும், இணையதளத்தில் கணக்கை மறுபடி சரிபார்த்து, 'ரீபண்ட் ரீஇஷ்யூ' என்று இருக்கும் இடத்தில் விண்ணப்பம் போட்டோம். விண்ணப்பம் போடாமல் சும்மா காத்திருந்தால் பணம் தானாக வராது. அக்டோபரில் 7,175 ரூபாயும் வந்து சேர்ந்தது.

நடுவில், 'உங்கள் ரீபண்ட் தயார், கீழே தொடுங்கள்' என்று அக்கா போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. அசல் திருட்டு! வரித் துறை யாரிடமும் பின் நம்பரோ, பாஸ்வேர்டோ கேட்காது. என்ன பார்ப்பதானாலும் நீங்களே இணையதளத்துக்குப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. கணவர் கொடுத்த பணத்தை உங்கள் பேரில் போட்டிருந்தால், அதன் வட்டி சட்டப்படி அவர் வருமானத்தில் சேரும். அக்காவுக்கு அப்பா கொடுத்த பணம் என்பதால்தான் இவ்வளவு சுலபம். ஆகவே யார் கொடுத்த பணம் என்பதற்கு ஒரு காகிதம் வைத்திருங்கள்.

வருமானம் வரிக்கு உட்படாது என்று நிச்சயமாகத் தெரிந்தால், வரி பிடிக்காதீர்கள் என்று வருஷ ஆரம்பத்திலேயே பாங்கில் எழுதிக் கொடுத்துவிடலாம். அறுபதுக்குக் கீழே 15ஜி, அறுபதானால் 15எச் என்று சொல்லிப் பழகிய படிவங்கள் அதற்குத்தான். ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கொடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் அக்கா யாரையும் கூப்பிடாமல் தாமே போய்க் கொடுத்துவிட்டு, நகலில் பாங்க் சீலும் வாங்கிக்கொண்டு வந்தார். அது பாஸ் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது.