தளர்ந்த வில்

நமது பாட்டனார் காலத்தில் ஊருக்கு ஒன்றிரண்டு வில் வண்டிகள் இருந்தன. மிராசுதார் வீட்டிலே ஒன்று, வக்கீல் வீட்டிலே ஒன்று. மற்றவர்களெல்லாம் கட்டை வண்டியில் எலும்புகளை எண்ணிக்கொண்டு பிரயாணம் செய்த நாளில், வில் வண்டிக்காரர் மட்டும் சாவகாசமாக வெற்றிலை மடித்துச் சுண்ணாம்பு தடவிப் போட்டுக்கொண்டு போவார். அச்சுக்கும் வண்டிப் பெட்டிக்கும் நடுவே வளைந்து கிடந்த சில இரும்புப் பட்டைகள்தான் அவ்வளவு அந்தஸ்துக்கும் காரணம்.

இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் குதிரை வண்டிக்கான வளைவு வில்லுக்கு 1804-ல் உரிமைச் சாஸனம் பெற்றார். இருநூறு வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. குதிரை போய் யந்திரம் வந்தது. ஆனால் அந்த வில் மட்டும் போகவில்லை. 1947-ல் மகீந்திரா கம்பெனியார் நம் நாட்டில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் நான்கு வில் கட்டுகள் இருந்தன. இன்றைக்கும் லாரிகளும், சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டிகளும் பெரும்பாலும் பின்புறத்தில் இந்த வில்லின்மேல்தான் சுமையைத் தாங்குகின்றன. பட்டறைகளில் இதற்குப் 'பட்டை' என்று பெயர்.

பட்டை ஆராய்ச்சியில் நாம் இறங்கியதற்குப் போடிநாயக்கனூரில் உள்ள நமது நண்பர் ஒருவர்தான் பொறுப்பாளி. மலைக்கு அப்பால் இடுக்கி ஜில்லாவில் அவருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. உரத்தை ஏற்றிப் போகவும் காய் மூட்டையை இறக்கி வரவும் ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். அதற்கு இருபது வயது கடந்துவிட்டது. போடிமெட்டு வரையில் நல்ல தார் ரஸ்தாதான். தோட்டத்துப் பாதை அப்படியல்ல. அங்கே ரஸ்தா எது, ஓடை எது என்று மழைக்காலத்தில் யாரும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. சமீப காலமாக வண்டியின் அடிவயிறு கல்லில் தட்டத் தொடங்கியது.

"வண்டியை நான்கு அங்குலம் உயர்த்திவிட்டால் தீர்ந்தது, மாமா!" என்று நண்பரின் மருமகப் பிள்ளை யோசனை சொன்னான். அவன் காலேஜில் படிக்கிறவன். பாலைவனத்திலும் பாறையிலும் தாவி ஏறும் அயல்நாட்டு வண்டிகளின் படங்களை இரவு பகலாகப் பார்த்து வருகிறவன். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே வைக்க மூன்று அங்குல இரும்புக் கட்டை, நீண்ட ஷேக்கிள், யானைக்கால் போன்ற டயர் என்று ஒரு ஜாபிதாவே அவனிடம் தயாராக இருந்தது. நமக்கு மோட்டார் சாஸ்திரம் தெரியும் என்று யாரோ நண்பரிடம் வதந்தி கிளப்பியிருந்தபடியால், நாமும் பஞ்சாயத்துக்கு அழைக்கப்பட்டோம். நமது ஞானத்தின் ஆழம் நமக்குத் தெரியுமாகையால், எல்லோரையும் ஒரு பட்டைப் பட்டறைக்கு அழைத்துக்கொண்டு போனோம்.

பட்டறை மேஸ்திரி அறுபது வயதுக்காரர். ஜாபிதாவை அவர் கையால்கூடத் தொடவில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மேலே மட்கார்டு விளிம்பு வரையில் அளந்தார். பின்புறத்தில் இடது பக்கம் வலது பக்கத்தைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தது. பிறகு அதே மாதிரி வண்டிக்கான புதுப் பட்டைக் கட்டு ஒன்றை எடுத்து, இரண்டு காதுகளுக்கும் நடுவே நூலைக் கட்டி வளைவின் ஆழத்தைக் காட்டினார். நமது நண்பரின் வண்டிப் பட்டை கிட்டத்தட்டச் சட்டம் போல் நிமிர்ந்து கிடந்தது.

"ஐயா, இந்த வண்டியை உயர்த்த வேண்டாம். இறங்கிப் போனதை ஏற்றினால் போதும்" என்றார் மேஸ்திரி.

விஷயம் இதுதான். பல பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவே ஒரு போல்ட்டால் முடுக்கியதுதான் வில் கட்டு. எல்லாவற்றிலும் நீளமானது மெயின் பட்டை. அதன் இரு நுனிகளிலும் காது உண்டு. ஒரு காது சட்டத்தோடு பூட்டப்பட்டிருக்கும். மற்றது ஊஞ்சல் போல் ஆடும் ஷேக்கிளில் தொங்கும். சுமை ஏறி வில் நிமிரும்போது அதன் நீளம் கூடுகிறதல்லவா? அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஊஞ்சல். வருஷக்கணக்காக அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றினால் எஃகு கொஞ்சங்கொஞ்சமாகத் தன் வளைவை மறந்துவிடுகிறது. மனிதர்களுக்கும் இதே கதிதான் என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

தளர்ந்த பட்டையைச் சம்மட்டியால் அடித்து மறுபடி வளைப்பது நம் பட்டறைகளில் வெகுகாலமாக நடந்துவரும் வித்தை. ஆனால் கண்டபடி நெருப்பில் காய்ச்சி வளைத்து, முறைப்படி பதம் ஏற்றாமல் விட்டால், சில மாதங்களில் பழைய கதைதான். விரிசல் கண்ட பட்டையை எந்த வித்தையாலும் பிழைப்பிக்க முடியாது. நண்பரின் இடது மெயின் பட்டையில், காதுக்குப் பக்கத்தில், தலைமயிர் போல் ஒரு விரிசல் இருந்தது. மலை இறக்கத்தில் அது முறிந்திருந்தால் அச்சு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருக்கும். நண்பர் அதைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவேயில்லை.

மருமகப் பிள்ளை மட்டும் இலேசில் விடவில்லை. கட்டை வைத்தால் என்ன, நீண்ட ஷேக்கிள் போட்டால் என்ன என்று கேட்டான். மேஸ்திரி ஒவ்வொன்றுக்கும் சமாதானம் சொன்னார். அவற்றை நேயர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது, பட்டையை உயர்த்தினால் உயருவது வண்டியின் உடம்புதான், அச்சு அல்ல. பின் அச்சின் நடுவே பூசணிக்காய் போல் தொங்குகிறதே பற்சக்கரக் கூடு, அது இருந்த உயரத்திலேயேதான் இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. அதிலும் டயரின் குறுக்களவு மூன்று அங்குலம் கூடினால் அச்சு உயருவது ஒன்றரை அங்குலந்தான். டயர் பத்தில் ஒரு பங்கு பெரிதானால், வேகமானியும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும்.

இரண்டாவது, ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி உயருவது சுமார் ஓர் அங்குலமே. வில்லின் ஒரு நுனி மட்டும் இறங்குவதால் அச்சின் சாய்வு மாறுகிறது. முன் சக்கரத்தில் இதைச் செய்தால் ஸ்டியரிங் தன் குணத்தை இழந்து, வண்டி ரஸ்தாவில் அலைபாயும்.

மூன்றாவது, கட்டை வைத்தால் அச்சு, வில்லிலிருந்து விலகிப் போய் நெம்புகோல் போல் அதை முறுக்குகிறது. வண்டியைக் கிளப்பும்போதும் பிரேக் போடும்போதும் பட்டை திருகிக்கொள்ளும். முன் அச்சில் கட்டை வைப்பது ஒருபோதும் செய்யத் தகாத காரியம்.

நான்காவது, உடம்பு உயர்ந்தால் அதோடு சேர்ந்தவையும் மாறுகின்றன. யந்திரத்திலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டின் கோணம் கூடி, அதன் மூட்டுகள் அதிர்ந்து சீக்கிரம் தேயும். பிரேக் ரப்பர் குழாய் எட்டாமல் இழுபடும். சில பிக்கப் வண்டிகளில் பின்புறம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. உயர்த்திய வண்டியைப் பார்த்து அது, 'சுமை இல்லை போலும்' என்று ஏமாந்து, பாரத்தோடு இறங்கும்போதும் பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

இவ்வளவும் சொல்லி முடித்துவிட்டு மேஸ்திரி நண்பரிடம் ஒரு கேள்வி கேட்டார். "இந்த வண்டியிலே ஆள் ஏறுவதுண்டா, ஐயா?"

நண்பர் பதில் சொல்லாமல் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். காய் பறிக்கும் நாட்களில், விடியற்காலையில், பத்துப் பன்னிரண்டு பெண்கள் பின்புறத்தில் நின்றபடியே மலையேறுவது ஊரறிந்த விஷயம். அவர் வண்டி மட்டுமல்ல, எத்தனையோ வண்டிகள் அப்படிப் போகின்றன.

அன்றிரவு நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். சக்கரங்களின் இடைவெளி 54 அங்குலம், வண்டிப் பாரத்தின் மையம் தரையிலிருந்து 27 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். வில்லின் ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அந்த வண்டி பக்கவாட்டில் 45 பாகை சாய்ந்த பிறகுதான் கவிழும். உடம்பை மூன்று அங்குலம் உயர்த்தி, மையமும் 30 அங்குலத்துக்கு வந்துவிட்டால் 42 பாகையில் கவிழும். அந்த வண்டி 1,500 கிலோ எடை என்றும், அதன் பின்னால் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். மையம் சுமார் 40 அங்குலத்துக்கு ஏறிவிடுகிறது. அப்போது 34 பாகையே எல்லை. வில் ஒரு பக்கமாக அமுங்குவதையும், வளைவிலே திரும்பும் வேகத்தையும் சேர்த்தால் அந்த எல்லை இன்னும் எவ்வளவோ கிட்டே வந்துவிடும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் அதற்கு அப்பால் இருப்பது பள்ளத்தாக்கு.

சட்டமும் இந்த விஷயத்தில் தூங்கவில்லை. தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்லுகிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியது. சரக்கு வண்டியில் ஆட்களை அடைத்துச் செல்வதும் குற்றமே. ஆனால் போலீஸுக்குப் பயந்து செய்ய வேண்டிய காரியமா இது? ஏலக்காய் மூட்டை நனையக் கூடாதென்று தார்ப்பாய் போட்டு மூடுகிறோம். அந்தக் காயைப் பறிக்கும் கைகளை மட்டும் பிடிமானம் இல்லாத பெட்டியில் நிற்க வைத்து அனுப்புகிறோம். தேசம் சுதந்திரம் பெற்றது மூட்டைகளுக்காக அல்ல என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

மறுநாள் வேலை நடந்தது. தயாரிப்பாளர் அளவுப்படியே பின்புறத்துக்கு இரண்டு புதுப் பட்டைக் கட்டுகள் போட்டார்கள். முன்புறத்திலும் தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றினார்கள். யு போல்ட்டுகளும் புதியவையே. ஒரு தடவை இறுக்கி நீண்டதை மறுபடி உபயோகிக்கக் கூடாது என்றார் மேஸ்திரி. புஷ் போல்ட்டுகளை, வண்டி தன் பாரத்தோடு சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசியாக முடுக்கினார். தொங்கவிட்டு முடுக்கினால் ரப்பர் முறுக்கேறிக் கிழிந்துவிடுமாம்.

ஷாக் அப்சார்பர்களும் மாறின. அவை பாரத்தைத் தாங்குவதற்கு என்றுதான் நாமும் அதுவரை எண்ணியிருந்தோம். அது தப்பு. பாரத்தைத் தாங்குவது வில். வில்லின் துள்ளலை அடக்குவதுதான் அவற்றின் உத்தியோகம். உள்ளே எண்ணெய் சிறு துவாரங்களின் வழியே பிதுங்கி, துள்ளலை உஷ்ணமாக மாற்றிவிடுகிறது. வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒரு தரம் எழுந்து அடங்கினால் நல்லது. ஊஞ்சல் போல் ஆடிக்கொண்டே இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

"கூடுதலாக இரண்டு பட்டை சேர்த்துவிடலாமே?" என்று நண்பர் ஆசைப்பட்டார். மேஸ்திரி மறுத்துவிட்டார். பட்டை கூடினால் வில் விறைத்துப் போகும். வெறும் வண்டி ஈர ரஸ்தாவில் திரும்பும்போது பின்சக்கரம் துள்ளிப் பிடி தவறும். வில்லைக் கூட்டுவதைவிடச் சுமையைக் குறைப்பதே புத்தி.

எல்லாம் முடிந்த பிறகு மறுபடி அளந்தார்கள். பின்புறம் இடது பக்கம் மூன்று அங்குலமும், வலது பக்கம் இரண்டு அங்குலமும் உயர்ந்து, இரண்டும் சமமாக நின்றன. மருமகப் பிள்ளை கேட்ட நான்கு அங்குலத்தில் முக்கால் பங்கு, கட்டையும் இல்லாமல், சட்டத்துக்கும் விரோதமில்லாமல் கிடைத்துவிட்டது! முன்விளக்கின் வெளிச்சம் விழும் இடத்தையும் சரிபார்த்தார்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டுகளை ஒரு தரம் முடுக்கிக்கொள்ள வேண்டுமென்று மேஸ்திரி சொல்லியனுப்பினார்.

சென்ற மாதம் அந்தத் தோட்டத்துக்குப் போய் வந்தோம். அடிவயிறு ஓரிடத்திலும் தட்டவில்லை. இதற்குப் பட்டை பாதிக் காரணம். பாதையின் நடுவே துருத்திக்கொண்டிருந்த இரண்டு கற்களை நண்பர் கடப்பாரை போட்டுப் பெயர்த்தெறிந்தது மீதிப் பாதி. அந்த யோசனை ஏன் இருபது வருஷமாக நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

வேலைக்காரப் பெண்கள் இப்போது ஆசனம் உள்ள வாடகை வண்டியில் வருகிறார்கள். செலவு கொஞ்சம் அதிகந்தான் என்று நண்பர் முனகினார். விரிசல் விட்ட பழைய மெயின் பட்டையை, நன்றாகத் துடைத்து, அவர் தமது வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்திருக்கிறார். அதை அரிவாள் அடிக்கக் கேட்டு ஒருவர் வந்தாராம். கொடுக்கவில்லை. முனகல் வரும்போதெல்லாம் அதை ஒரு தரம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.