ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு டவுன் பஸ்: திருப்பூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

திருமுருகன்பூண்டியில் குடியிருந்துகொண்டு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு தாய் எழுதுகிறேன். மார்கழி தொடங்கி மாசி முடியும் வரை, ஞாயிறுதோறும் அவிநாசியில் புறப்பட்டு பூண்டி வழியாக நஞ்சராயன் குளம் வரை போய்த் திரும்ப ஒரு சாதாரண டவுன் பஸ் விடுங்கள். இறங்குகிற இடத்தில் குடிக்கத் தண்ணீரும், பெண்களும் குழந்தைகளும் கூசாமல் போகக்கூடிய கழிப்பறையும், உட்காரக் கொஞ்சம் நிழலும் இருக்கட்டும். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இந்த மூன்று மாதங்களைச் சொல்லிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பகல் முழுக்க வெளியே இருக்க முடிகிற காலம் இதுதான். பங்குனி பிறந்துவிட்டால் காலை பத்து மணிக்கே தார்ரோடு கால் வைக்க விடாது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் பாதிப்பேர் தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் தஞ்சாவூருக்கும் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து குடும்பத்தோடு தங்கியிருப்பவர்களுக்கு அந்த வழியும் இல்லை. அவ்வளவு தூரத்துக்கு ஆண்டுதோறும் ரயில் ஏற முடியாது. அரையாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் எல்லாப் பிள்ளைகளும் இங்கேதான், லைன் வீட்டு வாசலில் இருக்கிறார்கள். அதே நேரத்தில்தான் கம்பெனிகளில் வெளிநாட்டுக் கோடைக்கான ஆர்டர்கள் விறுவிறுப்பாக ஓடுகின்றன. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு மேல் வீடு திரும்பும் அப்பா அம்மாவைப் பிள்ளைகள் விழித்த முகமாகப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான்.

அந்த ஞாயிறு எப்படிக் கழிகிறது என்று சொல்கிறேன். சனிக்கிழமை மாலை சம்பளம் வரும். மளிகைக் கடை பாக்கி, சீட்டு, வாடகைக்கு ஒதுக்குவது போக மிச்சத்தில் ஞாயிறு காலை கறி எடுப்போம். ஆறு நாள் துணி துவைப்போம். தண்ணீர் வரும் நாளாக இருந்தால் குடங்களோடு பாதி நாள் போகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அசந்து படுத்து எழுந்தால் சாயங்காலம். அதுவரை பிள்ளைகள் கையில் செல்போன். எங்காவது கூட்டிக்கொண்டு போ என்று அவர்கள் கேட்டுக்கேட்டு, பிறகு கேட்பதையே விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்களிடம் மனம் இல்லாமல் இல்லை. வெளியே போனால் காசு எதில் கரைகிறது என்று யோசித்துப் பாருங்கள். பொழுதுபோக்குப் பூங்கா என்றால் தலைக்கு ஒரு டிக்கெட், வீட்டுச் சாப்பாட்டுக்குத் தடை. அமராவதி அணையும் முதலைப் பண்ணையும், திருமூர்த்தி மலையும், பவானிசாகர் அணைப் பூங்காவும் எளியவர்கள் போகக்கூடிய இடங்கள்தான். ஆனால் பூண்டியிலிருந்து திருப்பூர், அங்கிருந்து உடுமலை, உடுமலையிலிருந்து அமராவதி நகர் என்று பஸ் மாறி மாறிப் போனால் பகலில் பாதி சாலையிலேயே முடிந்துவிடும். வேன் பேசினால் வாரச் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும். இலவசமான இடமாக இருந்தாலும் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ, குழந்தைக்குத் தண்ணீர் பாட்டில், கழிப்பறைக்காகவே ஓர் ஓட்டலுக்குள் நுழைந்து வாங்குகிற டீ என்று கையிருப்பு கரையும். ஏழைக் குடும்பத்துக்குச் செலவு வைப்பது நுழைவுக் கட்டணத்தைவிட வழிதான்.

வழிச் செலவைக் குறைக்க அரசிடம் ஏற்கெனவே நல்ல ஏற்பாடு இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் டிக்கெட் இல்லை. என் வீட்டில் நான்கு பேர் கிளம்பினால் வீட்டுக்காரருக்கு ஒரு டிக்கெட், பையனுக்கு அரை டிக்கெட். நானும் மகளும் சும்மா போகலாம். இந்தத் திட்டத்தால் ஆறு நாள் வேலைக்குப் போய்வருகிறோம். ஏழாம் நாள் பிள்ளைகளோடு போய்வர அதே பஸ் உதவட்டும் என்கிறேன்.

எங்கே போவது? எங்கள் மண்ணிலேயே, ஒரே ஆற்றின் போக்கில் மூன்று இடங்கள் இருக்கின்றன. அவிநாசிப் பக்கத்திலிருந்து வரும் நல்லாறு எங்கள் பூண்டியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போய் நஞ்சராயன் குளத்தில் விழுகிறது. அங்கிருந்து நொய்யலுக்குப் போகிறது. கொங்கு நாட்டுத் தேவாரத் தலங்கள் ஏழில் இரண்டு, அவிநாசியும் திருமுருகன்பூண்டியும், ஐந்தாறு கிலோமீட்டருக்குள் இருக்கின்றன.

இரண்டு ஊருக்கும் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கிற கதைகள் உண்டு. முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பாடி மீட்டது அவிநாசியில். சேரமான் பெருமாள் தந்த பொன்னையும் பொருளையும் எடுத்துக்கொண்டு வந்த அதே சுந்தரரை, வேடர் வேடத்தில் சிவகணங்கள் வழிமறித்துப் பறித்தது பூண்டியில். பறிகொடுத்தவர் கோயிலுக்கு வந்து சாமியையே உரிமையோடு ஏசிப் பாட, போன பொருள் திரும்பி வந்தது. மாசித் திருவிழாவில் இந்தப் பறிப்பை வேடுபறி என்று இன்றும் நடத்துகிறோம். ஊர்ப் பெயருக்குள் முருகன் இருக்கிறான், ஆனால் மூலவர் சிவன், ஏன் என்று என் மகள் கேட்டாள். முருகன் இங்கே வந்து சிவனைப் பூசித்தான் என்பது தலபுராணம். இப்படிக் கேள்வி கேட்கவைக்கிற இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாமா?

கோயிலுக்கு வெளியே சாலையோரம் சிற்பக் கூடங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்கும், கடல் கடந்து தமிழர்கள் கட்டுகிற கோயில்களுக்கும் இங்கிருந்து கற்சிலைகள் போகின்றன. பூண்டிப் பிள்ளைகள் உளிச் சத்தம் கேட்டே வளர்கிறார்கள். ஆனால் ஒரு பாறைக்குள்ளிருந்து யானை முகம் எப்படி வெளிப்படுகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் குறைவு. வேலை நாளில் கல்தூசு பறக்கும். கட்டர் மிஷின் ஓடும். குழந்தைகளை விட முடியாது. சிற்பிகளோடு பேசி, மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் மிஷினை நிறுத்தி, கையுளி வேலையைக் காட்டும்படி நகராட்சி ஏற்பாடு செய்யலாம். அவர்களுக்கு அன்றைய கூலியையும் கொடுத்துவிட வேண்டும். ஓய்வு நாளில் இனாமாக வேலை வாங்குவது நியாயமில்லை.

இனி நஞ்சராயன் குளம். பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியை ஆண்ட நஞ்சராயன் சீரமைத்த குளம் என்பார்கள். ஊத்துக்குளி சாலையில், சர்க்கார் பெரியபாளையம் பக்கம், 125 எக்டேருக்கும் அதிகமான பரப்பு. 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரத்தில் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் பட்டியல் அது. 191 வகைப் பறவைகளும் 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும் இங்கே பதிவாகியிருக்கின்றன.

அந்தப் பறவைகள் நிறைந்திருப்பதும் இந்தக் குளிர்காலத்தில்தான். கூழைக்கடா, நாமக்கோழி, முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து இவற்றோடு, வடக்கே நீர்நிலைகள் உறைந்துபோகும் நாடுகளிலிருந்து ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வந்து சேர்கின்றன. மங்கோலியாவிலும் திபெத்திலும் முட்டையிட்டு, இமயமலையைத் தாண்டித் தெற்கே வரும் பட்டைத்தலை வாத்தும் இங்கே இறங்கியதுண்டு. எங்கள் கையால் செக்கிங் பார்த்த பனியன் எந்தெந்த நாட்டுக்கோ போகிறது. எந்தெந்த நாட்டுப் பறவையோ எங்கள் குளத்துக்கு வருகிறது. அந்தப் பறவையைப் பனியன் தைப்பவர் பிள்ளையும் பார்க்க வேண்டும். அதற்குப் பூண்டியிலிருந்து திருப்பூருக்குள் போய் பஸ் மாறி, இறங்கி நடக்கவும் வேண்டியிருக்கிறது. பறவைகள் சுறுசுறுப்பாக இரை தேடுகிற காலை நேரத்துக்குள் குழந்தைகளோடு போய்ச் சேர முடிவதில்லை.

ஆகவே ஐயா, அல்லது அம்மா, ஆட்சியர் நாற்காலியில் யார் அமர்ந்திருந்தாலும், என் வேண்டுகோளை முழுமையாகச் சொல்கிறேன்.

பஸ், காலை ஆறு மணிக்கு ஒன்று, பிற்பகல் ஒன்று, இருட்டுவதற்குள் திரும்ப ஒன்று என்று ஓடட்டும். ஸ்பெஷல் பஸ் என்று பெயர் வைத்துக் கட்டணம் கூட்டிவிட வேண்டாம்; பெண்கள் காசில்லாமல் ஏறும் சாதாரண பஸ்ஸாகவே இருக்கட்டும். கரையில் சில பைனாகுலர்கள், அடையாள அட்டையைக் கொடுத்து வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்படி இருக்கட்டும். இந்தக் குளத்துப் பறவைகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்துப் பதிவு செய்துவரும் திருப்பூர் இயற்கைக் கழகத்தாரையும், சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி மாணவர்களையும் கேட்டால் பறவையைக் காட்டிப் பெயர் சொல்லித் தர ஆள் கிடைக்கும். ஏற்றுமதியாளர்களிடம் கேட்டால் பைனாகுலர் வாங்கப் பணம் கிடைக்கும் என்று நம்புகிறேன். அவர்கள் கம்பெனியில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குத்தானே. பறவைப் படங்களோடு வைக்கும் பலகைகளில் தமிழோடு இந்தியும் ஒடியாவும் இருக்கட்டும். எங்கள் லைன் வீட்டில் மூன்று மொழிகளிலும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். குளத்தங்கரையில் யாரும் விருந்தாளியாக நிற்க வேண்டாம்.

நல்லாற்றையும் மறந்துவிடாதீர்கள். அதில் குப்பையும் கழிவுநீரும் கலந்து போனால், அது சேருமிடம் அந்தக் குளம்தான். ஆற்றில் சாயக்கழிவு கலந்ததற்காக 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது இந்த ஊர் பட்ட பாட்டை எங்கள் தலைமுறை பார்த்தது. ஆற்றைக் கெடுத்தால் பிழைப்பும் கெடும் என்று பட்டுத் தெரிந்துகொண்டோம். எங்கள் பிள்ளைகள் அதைக் குளத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளட்டும்.

கூட்டம் சேர்ந்தால் பறவை கலைந்துவிடும் என்று வனத்துறை அஞ்சலாம். நியாயமான அச்சம். ஆகவேதான் கேட்கிறேன்: ஒரு பஸ் போதும், பத்து வேண்டாம். ஒலிபெருக்கி, பலூன் கடை, படகுச் சவாரி எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் பை கொண்டுவந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். தூக்குச் சட்டியில் புளிசாதமும் தயிர்சாதமும் கொண்டுவருவோம், பாத்திரத்தைத் திரும்ப எடுத்துப்போவோம். ஆள் கூட்டம் எப்போதும் பறவைக்குப் பகை என்று சொல்ல முடியாது. வேடந்தாங்கலில் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள்தான் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் அன்றைய செங்கல்பட்டுக் கலெக்டர் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது. குளத்தின் அருமை தெரிந்த ஊர்தான் குளத்தைக் காக்கும். அருமை தெரிய, முதலில் அதன் கரைக்குப் போக வேண்டும்.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் எங்களுக்குத் தந்தது. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று சொல்லும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்டது. இந்த இரண்டு உரிமைகளும் சந்திக்கிற நாள் ஞாயிறு. அன்று பிள்ளையும் பெற்றவர்களும் சேர்ந்து போக ஓர் இடமும், போய்ச்சேர ஒரு வழியும் இருந்தால்தான் அவற்றுக்குப் பொருள் உண்டு.

இந்தக் குளிர்காலத்திலேயே தொடங்குங்கள். அரையாண்டு விடுமுறையின் முதல் ஞாயிறு முதல் நாளாக இருக்கட்டும். கம்பெனி வாசல்களிலும், ரேஷன் கடைகளிலும், பள்ளி அறிவிப்புப் பலகைகளிலும் பஸ் நேரத்தை ஒட்டச் செய்யுங்கள். மாசி முடிந்ததும் நடத்துநர்களின் கணக்கை வாங்கிப் பாருங்கள். பெண்களுக்குக் கிழித்துக் கொடுக்கும் கட்டணமில்லா டிக்கெட்டும் அதில் சேர்ந்திருக்கும். ஆள் ஏறவில்லை என்றால் பஸ்ஸை நிறுத்திவிடுங்கள், நான் மறுபடி எழுத மாட்டேன். ஏறியிருந்தால், அடுத்த மார்கழிக்கு நாங்கள் கேட்காமலே அந்த பஸ் வர வேண்டும்.


திருமுருகன்பூண்டியில் குடியிருக்கும்
ஒரு பனியன் தொழிலாளி, இரண்டு பிள்ளைகளின் தாய்