சாட்சி சொல்லுமுன்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையில் நடந்த ஒரு காரியத்தை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இதில் என் தவறும் உண்டு. ஆகவே எழுதக் கூச்சமாகவே இருக்கிறது. ஆயினும் ஒரு குடும்பத்துக்காவது இது எச்சரிப்பாக அமையுமானால் அக்கூச்சம் பெரிதல்ல.

மும்பை தாராவியில் குடியிருக்கும் எங்கள் சபைச் சகோதரர் ஒருவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளவயதில் வந்தவர். அதிகாலையில் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி தெருத்தெருவாய் விற்று, உச்சிவெயிலில் வீடு திரும்புவது அவர் தொழில். ஐம்பத்தைந்தாம் வயதில் அவருடைய இருதயத்துடிப்பு தாறுமாறாயிற்று. படபடப்பும் மூச்சுத்திணறலும் உண்டாயின. மருத்துவர்கள் அதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காய்ச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை அது. வேறு மருந்துகள் பலன் தராதபோது அமியோடரோன் என்னும் மாத்திரையைக் கொடுத்தார்கள். துடிப்பு சீரானது.

சில மாதங்களில் வேறு தொல்லைகள் தொடங்கின. வெயில் பட்ட முகமும் கைகளும் எரிந்து, சிவந்து, கருத்தன. ஓயாத அசதி, மும்பையின் புழுக்கத்திலும் குளிர், மலச்சிக்கல். "மாத்திரையே என்னைத் தின்கிறது, ஐயா" என்று என்னிடம் வந்து சொன்னார். நான் அவர் தலைமேல் கைவைத்து ஜெபித்தேன். மருத்துவரிடம் இதைச் சொன்னீர்களா என்று கேட்கவில்லை. அது என் முதல் தவறு. இட்லி விற்கப் போதுமான இந்தி அவருக்கு உண்டு. சரீரத்தின் வேதனையை விவரிக்கப் போதுமான இந்தி இல்லை என்பதை நான் அறிந்திருக்க வேண்டும்.

அவர் ஒருவருக்கும் சொல்லாமல் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒரு வாரம் சென்றது, ஒரு மாதமும் சென்றது, படபடப்பு வரவில்லை. ஆறாம் வாரத்தில் ஆராதனையில் எழுந்து, கர்த்தர் தம்மைச் சுகமாக்கினார் என்றும், தாம் மாத்திரையின்றி வாழ்வதாகவும் சாட்சி கூறினார். சபையார் கரங்களைத் தட்டி தேவனைத் துதித்தார்கள். நானும் "ஆமென்" என்றேன். அது என் இரண்டாம் தவறு. அன்று மாலையே ஒரு தாயார், தாமும் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று என் மனைவியிடம் கேட்டார்.

மூன்றாம் மாதத்தில் ஒரு நள்ளிரவு, அவர் மகன் என்னைத் தொலைபேசியில் அழைத்தான். தகப்பனாரின் நெஞ்சு அடித்துக்கொள்வது சட்டையின் மேலேயே தெரிகிறது என்று அழுதான். மருத்துவமனையில் நான்கு நாட்கள் இருந்தார். இரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த மாத்திரையை அவர் நிறுத்தாதிருந்தது தேவ கிருபை. மேலறை நடுங்கும்போது அங்கே இரத்தம் தேங்கி உறையக்கூடும். அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம்.

மாத்திரை நின்றது, மருந்து நிற்கவில்லை

அங்கிருந்த இளம் மருத்துவர் என்னிடம் பொறுமையாய் விளக்கினார். அமியோடரோன் மற்ற மாத்திரைகளைப் போன்றதல்ல. அது சரீரத்தின் கொழுப்பிலும் கல்லீரலிலும் நுரையீரலிலும் தோலிலும் சேர்ந்து தங்குகிறது. உட்கொள்வதை நிறுத்தியபின் அதன் அளவு பாதியாகக் குறையவே சராசரியாக 50 நாட்களுக்கு மேலாகும். சிலருக்கு 100 நாட்களையும் தாண்டும். அப்படியானால் நம் சகோதரர் சாட்சி சொன்ன ஞாயிறன்று, நிறுத்திவிட்டதாக அவர் எண்ணிய மருந்தே அவர் இருதயத்தைக் காத்துக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, அறியாமல் சொன்னார். அறிய வேண்டிய நானும் விசாரியாமல் ஆமென் சொன்னேன்.

பக்கவிளைவுகள் அவருடைய கற்பனையல்ல என்பதும் அன்று விளங்கியது. 1961இல் பெல்ஜியத்தில் நெஞ்சுவலிக்கென உருவாக்கப்பட்ட இம்மருந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். நமக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றிலோ ஏறத்தாழ 75 மில்லிகிராம் இருக்கிறது. அதில் சிறு பங்கே சரீரத்தில் பிரிந்து வெளிப்படுகிறது. அச்சிறு பங்கும் நம் தேவையைப் பல மடங்கு மிஞ்சுவது. இதனால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி சிலருக்கு மந்தமாகிறது, சிலருக்கு மிதமிஞ்சி வேலை செய்கிறது. சகோதரரின் அசதிக்கும் குளிருக்கும் காரணம் மந்தமான தைராய்டே என்று இரத்தப் பரிசோதனை காட்டியது. அதற்குத் தனி மாத்திரை உண்டு. அதைச் சிறிய அளவில் தொடங்கினார்கள். அமியோடரோனையும் குறைந்த அளவில் மீண்டும் கொடுத்தார்கள். ஒரு பரிசோதனையில் தீர்ந்திருக்க வேண்டிய காரியம், ஏறக்குறைய ஓர் உயிரைப் பறித்திருக்கும்.

கவனத்திற்குச் சில காரியங்கள்

1. அமியோடரோன் உட்கொள்ளுகிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளையும், ஆண்டுக்கு ஒருமுறை ஈ.சி.ஜி.யையும் மார்பு எக்ஸ்ரேயையும் குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.

2. புதிதாய் வறட்டு இருமலோ மூச்சிளைப்போ வந்தால் தாமதியாதீர்கள். இம்மருந்து நுரையீரலைப் பாதிக்கக்கூடும். திடீரெனப் பார்வை மங்கினாலும், கண் மஞ்சளானாலும், மயக்கம் வந்தாலும் அப்படியே. இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிவது பெரும்பாலும் ஆபத்தற்றது, ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

3. வெயிலில் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அணியுங்கள். கண்ணாடி ஜன்னலின் ஓரமும் முழுப் பாதுகாப்பல்ல.

4. துடிப்பை அடக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. டிகாக்சின் உட்கொள்ளுகிறவர்களுக்குக் குமட்டலோ, காண்பவை மஞ்சளாய்த் தோன்றுவதோ மருந்து மிஞ்சியதன் அடையாளமாய் இருக்கலாம்.

5. வார்ஃபரின் உட்கொள்ளுகிறவருக்கு அமியோடரோனும் சேர்ந்தால் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும்; ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளும் துடிப்பைக் குலைக்கக்கூடும்.

6. உபவாச ஜெபத்திற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை விட்டுவிடுவது உபவாசத்தின் பகுதியல்ல.

7. மருத்துவரிடம் தனியே செல்லாதீர்கள். மொழி அறிந்த பிள்ளையையோ சபையின் வாலிபரையோ அழைத்துச் செல்லுங்கள். தொல்லைகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

இப்படியெல்லாம் எழுதுவது அவிசுவாசமா என்று சிலர் கேட்கக்கூடும். எசேக்கியா ராஜா மரண வியாதியிலிருந்து ஜெபத்தினால் எழுந்தவர். அவருடைய பிளவையின் மேல் அத்திப்பழ அடையும் வைக்கப்பட்டது (2 இராஜாக்கள் 20). பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு மருத்துவர். கர்த்தர் சுகமாக்கியிருப்பாரானால் ஈ.சி.ஜி. இயந்திரம் அதை மறைக்கப்போவதில்லை. மருந்தைக் குறைக்கும் காலம் வந்துவிட்டதென்றால் அதை மருத்துவரே சொல்லட்டும். அந்தச் சாட்சிக்கு வலிமை அதிகம்.

சகோதரரின் சம்மதத்தோடு, அடுத்த ஞாயிறு நடந்ததைச் சபையில் அறிக்கையிட்டேன். அன்று இரத்த அழுத்த மாத்திரையைக் குறித்துக் கேட்ட தாயாரும் முன்வரிசையில் இருந்தார். அவர் ஆராதனைக்குப் பின் என்னிடம் வந்து, "நான் நிறுத்தவில்லை ஐயா, அம்மா வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்" என்றார். என் மனைவிக்கு இருந்த விவேகம் எனக்கு இல்லாமற்போனது.

இன்றைக்கும் அந்தச் சகோதரர் இட்லி விற்கிறார். ஒன்பது மணிக்குள் சுற்றை முடித்து, தொப்பியோடும் முழுக்கைச் சட்டையோடும் வீடு திரும்பிவிடுகிறார். சட்டைப் பையில் மடித்த ஒரு தாள் இருக்கும். அதில் மாத்திரைகளின் பெயரும் அடுத்த பரிசோதனைத் தேதியும் அவர் மகன் கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படியொரு தாள் இருக்கிறதா?

கர்த்தர் தாமே உங்களுக்கு நல்ல சுகத்தையும், நல்ல விவேகத்தையும் தந்தருள்வாராக.