நஞ்சையில் நெல் விளையட்டும்! சோலார் கம்பெனிக்கு டெல்டாவைத் திறந்துவிடாதே!

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! குத்தகை சாகுபடியாளர்களே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே!

மீத்தேன் என்றார்கள், எதிர்த்தோம். 2017ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் என்றார்கள், எதிர்த்தோம். 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு என மூன்று இடங்களை நிலக்கரி ஏலப் பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. டெல்டாவே கொந்தளித்தது, சில நாளிலேயே பின்வாங்கினார்கள். இப்போது டீக்கடையில் நம்ம ஆளுங்களே கேட்கிறார்கள்: "புகை வேண்டாம்னு சொன்னீங்க, சரி. புகையே இல்லாத சூரிய மின்சாரத்தையும் வேண்டாம்னா எப்படிங்க?"

நியாயமான கேள்வி. சூரியனோடு நமக்கு என்ன சண்டை? அறுத்த நெல்லைக் காயவைப்பதே அவன் தயவில்தான். நமது சண்டை, ஊரைக் கேட்காமல் காட்டும் அவசரத்தோடு. அந்த அவசரத்துக்கு மக்கள் பணத்தை அள்ளிக் கொடுப்பதோடு.

சூரியனுக்கு விலை உண்டு, நெல்லுக்கு?

கமுதியைப் பாருங்கள். ராமநாதபுரத்து வானம் பார்த்த பூமியில் சுமார் 2,500 ஏக்கரில் அதானி கம்பெனியின் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016ல் வந்தது. அதற்கு ஒப்பந்தம் 2015 ஜூலையில். 2016 மார்ச்சுக்குள் முடிப்பவர்களுக்கு யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று ஒழுங்குமுறை ஆணையம் விலை வைத்திருந்தது. அதுவும் 25 வருஷத்துக்கு! அந்தத் தேதியைப் பிடிக்கத்தான் கம்பெனிகள் ஓடின. ஆற அமர டெண்டர் விட்டிருந்தால்? 2017ல் இதே மின்வாரியம் டெண்டர் விட்டபோது யூனிட் 3 ரூபாய் 47 காசுக்கு வந்தது. பாதி விலை! பேனல் விலை வருஷாவருஷம் இறங்கியதும் ஒரு காரணம், மறுக்கவில்லை. இறங்கும் பொருளை அவசரப்பட்டு 25 வருஷத்துக்கு ஏற்றின விலையில் பேசி முடித்தது யார் தப்பு? வாரியம் நஷ்டத்தில் கிடக்கிறது என்று 2022லும் 2024லும் கட்டணத்தை ஏற்றினார்களே, அந்த நஷ்டக் கணக்கில் இதுவும் இருக்கிறது.

நமக்கு? சுவாமிநாதன் கமிஷன் 2006லேயே செலவோடு 50 சதவீதம் சேர்த்து விலை கொடு என்றது. இன்றுவரை சட்டம் இல்லை. 25 வருஷம் வேண்டாம் ஐயா, ஒரு போகத்துக்கு உத்தரவாதம் கொடுங்கள்! 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேலே போனால் மூட்டையைத் திருப்பி அனுப்புகிறவர்கள், வெயிலுக்கு மட்டும் கால் நூற்றாண்டுக்கு விலை எழுதிக் கொடுக்கிறார்கள்.

சட்டத்தில் ஓட்டை

2020ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. துத்தநாக, தாமிர உருக்காலை கூடாது, தோல் ஆலை கூடாது, எண்ணெய் எரிவாயுக் கிணறு தோண்டக் கூடாது என்று பட்டியல் போட்டார்கள். வரவேற்றோம். அந்தப் பட்டியலில் சோலார் பூங்கா இல்லை. 2006ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி சோலாருக்கு முன் அனுமதியும் தேவையில்லை, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் தேவையில்லை. எண்ணெய்க் கிணறு ஆய்வுக்கு 2020 ஜனவரியில் கருத்துக் கேட்பை நீக்கியபோது போராடினோமே, இங்கே நீக்குவதற்குக்கூட ஒன்றும் இல்லை!

போதாததற்கு 2023ல் நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத 'சிறப்புத் திட்டம்' என்றால் நடுவில் கிடக்கும் குளம், ஓடை, வாய்க்காலையும் சேர்த்துக் கொடுக்க வழி செய்துவிட்டார்கள். மெகாவாட்டுக்கு 4 ஏக்கர் என்று வைத்தால் 62 மெகாவாட் பூங்கா ஒன்று அந்த அளவை எட்டிவிடும். நடுவில் ஒரு கன்னி வாய்க்கால் போனாலே கீழே இருக்கிறவன் வயல் காய்ந்தது.

குத்தகைக்காரன் எங்கே போவான்?

பட்டாதாரருக்கு வாடகை வரும், அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இது தஞ்சை ஜில்லா. மடத்து நிலம், கோயில் நிலம், வெளியூரில் இருக்கிறவர் நிலம், இதையெல்லாம் உழுகிறவன் வேறு ஆள். 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் என்று நம் பெரியவர்கள் அடிபட்டு வாங்கினார்கள். 1969 சட்டப்படி குத்தகையைப் பதிந்து வைத்தவன் எத்தனை பேர்? வாய்ப்பேச்சில் உழுகிறவன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. கம்பெனி பட்டாவைத்தான் பார்க்கும்.

2019ல் வந்த குசும் திட்டத்தைப் படித்துப் பாருங்கள். 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை நிலையம் வைக்கலாம், சொந்தமாக வைக்க முடியாதவர் கம்பெனிக்கு நிலத்தை வாடகைக்கு விடலாம். தரிசுக்கு முன்னுரிமை என்று இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12ல் மேட்டூர் திறக்கவில்லை. கடைமடையில் குறுவையைப் போட முடியாமல் கிடந்தோம். அப்படி ஒரு வருஷத்தில் அடங்கலில் 'தரிசு' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், மூன்று தலைமுறையாக நெல் விளைந்த நஞ்சை தரிசாகிவிடும். அந்த அடங்கலைப் பிடித்துக்கொண்டு ஒருவன் வருவான்.

நடவுக்கும் களைக்கும் போகிற பெண்களுக்கு அங்கே என்ன வேலை? காவலுக்கு ஒருத்தர், பேனல் துடைக்க ஒருத்தர்.

எங்கே வைக்கலாம் என்று கேட்டால் சொல்லத் தயார். கலெக்டர் ஆபீஸ் மாடியில் வையுங்கள், பள்ளிக்கூட மாடியில் வையுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையம்தோறும் பெரிய கூரை போட்டு அதன்மேல் வையுங்கள், மின்சாரமும் கிடைக்கும், நம் மூட்டையும் நனையாது. குஜராத்தில் வாய்க்கால் மேல் வைத்திருக்கிறார்களே என்பார்கள். அது சிமென்ட் வாய்க்கால். நம்ம வாய்க்காலை வருஷாவருஷம் தூர் வாரணும், பொக்லைன் எப்படி இறங்கும்?

ஆகவே கோருகிறோம்: வேளாண் மண்டலச் சட்டத்தின் தடைப் பட்டியலில் நஞ்சை நிலத்து சோலார் பூங்காவைச் சேர்! கிராமசபை சம்மதம் இல்லாமல் அனுமதி கொடுக்காதே! சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பெயரை அடங்கலில் ஏற்று! தண்ணீர் வராத வருஷத்தைத் தரிசுக் கணக்கில் சேர்க்காதே!

அடுத்து வரும் கிராமசபையில் இந்த நான்கையும் தீர்மானமாக எழுதச் சொல்லி, நகலில் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். கலெக்டர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்கு ஒன்றியவாரியாகத் திரண்டு போகிறோம். வரும்போது போன மூன்று வருஷத்து அடங்கல் நகலைக் கையோடு கொண்டு வாருங்கள். குத்தகைக்காரர்கள் நெல் அளந்த ரசீது, துண்டுச்சீட்டு எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். ரசீது இல்லாதவர்களும் வாருங்கள், அன்றைக்கே மனு எழுதிக் கொடுக்க ஆள் வைத்திருக்கிறோம்.

இவண்,
செயலாளர் மற்றும் நிர்வாகக் குழுவினர்