புயல் மட்டுமா கொன்றது?

புயல், வெள்ளம் எது வந்தாலும் 'இயற்கையின் சீற்றம்' என்று எழுதிவிடுகிறோம். அதோடு கதை முடிந்தது. யார் மேலும் பழி இல்லை. தோழர்களே, எனக்கு அந்த வார்த்தை மேல் ஒரு சந்தேகம் உண்டு. காரணம், அமெரிக்காவில் இருக்கும் கால்வெஸ்டன் என்கிற ஊர்.

டெக்சாஸ் மாநிலத்தில், கடலோர மணல் தீவு ஒன்றில் அமைந்த ஊர் அது. 1900-ஆம் ஆண்டில் பருத்தி ஏற்றுமதியில் கொடிகட்டிப் பறந்த துறைமுகம். ஜனத்தொகை சுமார் 37,000. ஊரிலேயே மேடான இடம் கடல் மட்டத்திலிருந்து 9 அடிகூட இல்லை. அந்த வருடம் செப்டம்பர் 8 அன்று அடித்த புயலில் கடல் 15 அடிக்கு மேல் எழும்பியது. லெவலிங் படித்த நமக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையா? குறைந்தது 6,000 பேர் மாண்டார்கள். அமெரிக்க வரலாற்றில் அதிக உயிர்களைக் குடித்த இயற்கைப் பேரிடர் இன்றுவரை அதுதான்.

இது தெரியாமல் வந்த ஆபத்தா? இல்லை! அதே டெக்சாஸ் கரையில் இண்டியனோலா என்ற துறைமுகத்தை 1875-லும் 1886-லும் புயல்கள் அழித்தன. உடனே கால்வெஸ்டனில் கடல்சுவர் கட்டலாம் என்று பேச்சு எழுந்தது. கட்டவில்லை. உள்ளூர் வானிலை அலுவலகத் தலைவர் ஐசக் கிளைன், பெரும்புயல் இந்த ஊரை அழித்துவிடும் என்பது வீண் பயம் என்று 1891-ல் பத்திரிகையில் எழுதினார். படித்தவர் சொன்னார், ஊர் நம்பியது.

1900-லும் அதே கதைதான். புயல் அட்லாண்டிக் பக்கம் திரும்பிவிடும் என்றது வாஷிங்டன். கியூபாவின் வானிலை நிபுணர்களோ, இல்லை, வளைகுடாவுக்குள் போகிறது என்று கணித்தார்கள். ஆனால் அவர்களுடைய வானிலைத் தந்திகளைச் சில நாள் முன்புதான் அமெரிக்க அலுவலகம் தடை செய்ய வைத்திருந்தது!

அழிந்த பிறகுதான் வேலை நடந்தது. 17 அடி உயரக் கடல்சுவரின் முதல் பகுதி 1904-ல் முடிந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மணலைப் பம்ப் செய்து ஊரையே உயர்த்தினார்கள். 1915-ல் மறுபடி பெரும்புயல் வந்தது. சுவர் நின்றது, ஊர் பிழைத்தது. அதே கடல், அதே காற்று. மாறியது மனிதன் செய்த வேலை மட்டும்தானே?

சுவர் இருந்தால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. 2005-ல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸில் சில கால்வாய்ச் சுவர்கள், தண்ணீர் உச்சியைத் தொடும் முன்பே சரிந்தன. நகரின் 80 சதவீதம் மூழ்கியது. வடிவமைப்பில் தவறு இருந்ததை ராணுவப் பொறியாளர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

கிளைன் கெட்டவர் இல்லை. அந்தப் புயலில் தன் மனைவியையே இழந்தவர். அவர் பொய் சொல்லவில்லை, தனக்குத் தெரியும் என்று நம்பினார். அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். எதைச் சொன்னாலும், "படிச்ச புள்ள சொல்லுது, சரியாத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். முன்பு அது பெருமையாக இருந்தது. இப்போது அது ஒரு சுமை என்று புரிகிறது. நாளை நாம் கையெழுத்துப் போடும் டிராயிங்கையும் ஜனங்கள் அப்படித்தானே நம்பப் போகிறார்கள்?

சர்வே பிராக்டிகலில் ரீடிங் ஒத்துவரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? மரத்தடியில் உட்கார்ந்து, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஃபீல்டு புக்கை அழகாக நிரப்பிவிடுகிறோம். நானும் செய்தவன்தான், மறைக்கவில்லை. மார்க் வரும். ஆனால் பழக்கமும் கூடவே வரும்.

இனிமேல் ஒத்துவரலைன்னா ஒத்துவரலைன்னே எழுதுவோம். வெயிலில் இன்னொரு தடவை ஸ்டாஃப் பிடிப்போம். மார்க் ரெண்டு குறைந்தால் குறையட்டும்!