‘சவத்துப் படம்!’ என்கிறது வாய்... உடம்பு என்ன சொல்கிறது?

கொலைப் படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் ‘படம் எப்படி?’ என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “சவத்துப் படம் டாக்டர்! பயமாவது ஒண்ணாவது, சிரிப்பாணியா வந்துது.” ரத்தம் தக்காளிச் சாறு மாதிரி இருந்ததாம். வெட்டின தலை பொம்மை என்று தெரிந்துவிட்டதாம். கொலைகாரன் யார் என்பதை இடைவேளைக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டாராம்! குறைந்த செலவில் எடுத்த படம் என்றால் இளக்காரம் இன்னும் கூடுதல்.

இந்த அபிப்பிராயத்தை அப்படியே நான் எடுத்துக்கொள்வதில்லை. காரணம், அதே ஆட்கள் பத்து நாள் கழித்து வேறு ஏதோ உபாதை என்று என் எதிரே வந்து உட்காருகிறார்கள்.

ஒரு அம்மா வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. நெஞ்செரிச்சல், ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு, அப்புறம் ‘ஒறக்கமே’ கிடையாது. புளி, மிளகாய், காபி, மாதவிலக்கு நிற்கும் வயசு என்று வழக்கமான விசாரணை எல்லாம் நடத்தினேன். ஒன்றும் பிடிபடவில்லை. கூட வந்த மகள்தான் போட்டுக் கொடுத்தாள். “அம்மா ராத்திரி அடுக்களைக் கதவுக் கொண்டிய மூணு மட்டம் போட்டுப் பாக்கா டாக்டர். அந்தக் கொலைப் படம் டி.வி.ல பாத்த அன்னைல இருந்துதான்.” அம்மாவுக்கு வந்ததே கோபம்! “போ பிள்ளே! அதெல்லாம் ஒரு படமா? பாதியில எந்திரிச்சுப் போலாம்னு இருந்தேன் டாக்டர், கேட்டியளா!”

ஆனால் போகவில்லை. கடைசி வரை பார்த்திருக்கிறார்.

‘ரத்தத்தை உறைய வைக்கும் படம்’ என்று போஸ்டரில் போடுவார்கள் அல்லவா? அதை மெய்யாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் நெதர்லாந்துக்காரர்கள். 2015-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில் அந்த ஆய்வு வந்தது. ஆரோக்கியமான 24 இளவட்டங்களுக்கு ஒரு பேய்ப் படமும், இன்னொரு நாள் சாதுவான ஒரு செய்திப் படமும் போட்டுக் காட்டி, முன்னும் பின்னும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பேய்ப் படம் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணி கூடியிருந்தது. சாதுவான படத்துக்கு அப்படிக் கூடியவர்கள் மிகச் சிலர். பயந்துவிடாதீர்கள், ஒருவருக்கும் ரத்தம் கட்டவில்லை. காயம் படப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறது, அவ்வளவுதான். ஆனால் பாருங்கள், அந்த ஏற்பாட்டைச் செய்யும்போது இது செலவு குறைந்த படமா, கோடிகளில் எடுத்ததா, நடிப்பு சுமாரா என்று உடம்பு யாரிடமும் கேட்பதில்லை.

எங்கள் சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் சொல்லியிருக்கிறார்கள். வலுவில் அடக்கக் கூடாதவை. அதில் தூக்கமும் ஒன்று, கண்ணீரும் ஒன்று. தூக்கத்தை அடக்கினால் தலைக்கனம், கண் சிவப்பு என்று தொடங்கும். ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு ஒருத்தன் இன்னொருத்தியைத் துரத்துவதைப் பார்க்கிறவர், தூக்கத்தை அடக்குகிறார். அழுகை வந்தால் ‘சும்மா படம்தானே’ என்று அதையும் அடக்குகிறார். பித்தம் ஏறாமல் என்ன செய்யும்?

மலிவான படம் என்பதற்காக நான் இளப்பமாகப் பேசவில்லை. இந்த வகைப் படங்களில் பேர் வாங்கியவை பலதும் சிக்கனத்தில் பிறந்தவைதான். ஹிட்ச்காக் 1960-ல் ‘சைக்கோ’வை டெலிவிஷன் ஆட்களை வைத்துக் கறுப்பு வெள்ளையில் முடித்தார். குளியலறைக் காட்சியில் ஓடுகிற ரத்தம் சாக்லேட் பாகு! அமெரிக்காவில் ‘ஹாலோவீன்’ சுமார் மூன்று லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு வெளியானது 1978 அக்டோபரில். அதே மாதத்தில்தான் நம் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ளும் வந்தது.

எங்கள் தலைமுறையை உலுக்கியது 1984-ல் வந்த ‘நூறாவது நாள்’. மணிவண்ணன் கையைச் சுருக்கி, வேகமாக எடுத்து முடித்த படம். மொட்டைத் தலை, வட்டக் கண்ணாடியோடு சத்யராஜ்; சுவருக்குள் மறைத்த பிணம். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். பார்த்துவிட்டு வந்த பெரியவர்கள் டீக்கடையில் மொட்டையைப் பற்றிப் பேசியதைவிட மோகனைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். “அந்தப் பச்சப்பிள்ள முகத்த வச்சிக்கிட்டு இப்பிடியாலே பண்ணுவான்!” என்று, ஏதோ சொந்த மருமகன் ஏமாற்றிய மாதிரி. பின்னால் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது, விடுதியில் டெக் வாடகைக்கு எடுத்து அதே படத்தைப் போட்டோம். ஒரே கேலி, கும்மாளம். அன்றைக்கு ராத்திரி வராந்தாக் கோடியில் இருந்த கழிப்பறைக்கு ஒருத்தனும் தனியாகப் போகவில்லை!

இந்தப் படத்தைப் பற்றி வேறு விதமான அபிப்பிராயமும் உண்டு. வண்டலூர் கொலை வழக்கில் பிடிபட்டவர், ‘நூறாவது நாள்’ பார்த்துத்தான் தூண்டப்பட்டேன் என்று சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. அதிலிருந்து, ‘இந்த மாதிரிப் படங்கள்தான் கொலைகாரனை உண்டாக்குது’ என்பது பலருக்கு வேதவாக்கு ஆகிவிட்டது. லட்சக்கணக்கான பேர் பார்த்த படம். அத்தனை பேரும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று படுத்தார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்குப் பழியைப் போட ஏதாவது வேண்டாமா? ஒரு படத்துக்கு அத்தனை சக்தி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எனக்குக் கவலை தருவது மூன்றாவது அபிப்பிராயம். சத்தமில்லாமல் வருவது. “அவ அப்படிப்பட்டவதானே டாக்டர்... ராத்திரி நேரத்துல தனியா என்னத்துக்குப் போனா?” கொலையுண்ட பெண்ணைப் பற்றி! இதைச் சொன்னது யாரோ ரவுடி இல்லை. கல்யாண வயதில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு தாய் சொன்னது. குற்றம் அவர் மேல் மட்டும் இல்லை. ‘சிகப்பு ரோஜாக்கள்’ளில் கொலைகாரனுக்கு ஒரு சோகமான பாலப் பருவம் உண்டு. பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’யில் (1980) கொல்கிறவனுக்கு அவன் அம்மா பட்ட பாடு ஒரு காரணம். செத்த பெண்களுக்கு? ‘தப்பானவள்’ என்ற ஒரு முத்திரை. இரண்டும் திறமைசாலிகள் எடுத்த படங்கள், நானும் ரசித்தவன்தான். ஆனால் அவற்றைப் பார்த்து வந்த மலிவுப் பதிப்புகளுக்கு அந்தத் திறமை இல்லை, முத்திரை மட்டும் மிச்சம்.

இந்த ஊருக்குக் கொலைக் கதை புதுசா என்ன? நாஞ்சில் நாட்டில் அம்மன் கொடைக்கு விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கள்ளியங்காட்டு நீலி கதையைவிடக் கொடூரமான கொலை எந்தப் படத்தில் இருக்கிறது? மடியில் தலை வைத்து நம்பித் தூங்குகிறாள். மணலைக் குவித்துத் தலையை அதில் இறக்கி வைத்துவிட்டு, கல்லைப் போட்டுக் கொல்கிறான், நகைக்காக. சாட்சிக்குக் கள்ளிச் செடி. அவள் தாசி குலத்தில் பிறந்தவள். இன்றைய படமாக இருந்தால் ‘அப்படிப்பட்டவள்’ என்று அங்கேயே கணக்கை முடித்திருப்பார்கள். எங்கள் கதையில் அப்புறம்தான் கதையே தொடங்குகிறது. செத்தவள் எழுந்து வருகிறாள், அடுத்த பிறவி வரை துரத்தி வந்து பழி தீர்க்கிறாள். எங்கள் ஊர்க்காரர்கள் அவளை இசக்கி என்று கும்பிடுகிறார்கள், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். கொன்றவனுக்குப் பூசை இல்லை.

அந்திக்குமேல் இசக்கி கோயில் பக்கம் போகப் பயப்படாத பிள்ளை இங்கே உண்டா? உண்டு என்றால் அது பொய். ஆனாலும் வில்லுப்பாட்டு கேட்டு ஒறக்கம் போச்சு என்று யாரும் வைத்தியரிடம் வந்ததாக எனக்குத் தெரியாது. ஊரே கூடி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் ஆச்சி வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாள். கொலை நடக்கும் இடத்தில் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். நியாயம் கிடைத்துப் பாட்டு முடியும்போது குரவை போடுவார்கள். பிள்ளை அதற்குள் அம்மா மடியில் தூங்கியிருக்கும். வந்த பயம் அங்கேயே இறங்கிவிடும். இந்தப் படங்களிலோ கடைசிக் காட்சியில் கொலைகாரன் மறுபடி கண் திறப்பான், இரண்டாம் பாகத்துக்காக!

தலைவலி என்று வந்த ஒரு கல்லூரிப் பையன் இப்படிப்பட்ட படங்களில் பெரிய விற்பன்னன். அப்போது பார்த்திருந்த படத்தில் ஐந்து கொலை என்றான். கொலைகாரன் பேர், அவன் வைத்திருந்த கத்தி, போட்டிருந்த ஷூ எல்லாம் ஒப்பித்தான். “செத்தவங்க பேரைச் சொல்லு மக்கா” என்றேன். முழித்தான். “அது... மூணாவதா ஒரு பிள்ள சாவும்லா, அது...” அதற்குமேல் வரவில்லை. பகலில் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்து சொல் என்று அனுப்பினேன். அடுத்த வாரம் வந்தான். “ரெண்டு பேருக்குத்தான் பேர் இருக்கு டாக்டர். மத்த மூணு பேரையும் படத்துல யாருமே பேர் சொல்லிக் கூப்பிடல்ல.”

பெற்றோர்களுக்குக் கொஞ்சம். ‘ஏ’ சான்றிதழ் பதினெட்டு வயதுக்கு மேலே உள்ளவர்களுக்கு. 2023-ல் சட்டத்தைத் திருத்தி யு/ஏ-யையும் 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். செல்போனில் வருகிற படங்களுக்கும் 2021 விதிகளின்படி இதே மாதிரி வயதுக் குறி உண்டு, மூலையில் சின்னதாக. அதைப் பாருங்கள். அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் எடுத்து 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் சின்ன வயதில் ஏதோ ஒரு படம் தங்களை நீண்ட நாள் பயமுறுத்தியதாகச் சொன்னார்கள். கால்வாசிப் பேருக்கு அப்போதும் அது விடவில்லையாம்.

பிள்ளை ராத்திரி அலறி எழுந்தால், ‘அது சும்மா படம்டா, படு’ என்று அதட்டாதீர்கள். அதற்கும் தெரியும் படம் என்று. விளக்கைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பார்த்தாய் என்று முழுக்கச் சொல்ல விடுங்கள். எங்கள் பக்கம் பயந்த பிள்ளைக்குக் கோயிலிலோ பள்ளிவாசலிலோ ஓதிக் கயிறு கட்டுவார்கள். நான் அதைப் பரிகாசம் செய்வதில்லை. அரை மணி நேரம் ஒரு பெரிய மனுஷர் அந்தக் குழந்தையை மட்டுமே கவனித்திருக்கிறார் அல்லவா?

பெரியவர்கள் படம் முடிந்த கையோடு படுக்காமல், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தூக்கம் வர இளஞ்சூட்டில் பாலும் ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூளும் போதும். சிட்டிகைக்கு மேல் போனால் குமட்டலும் மயக்கமும் வரும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டாம். இரண்டு மூன்று வாரம் ஆகியும் தூக்கம் திரும்பாவிட்டால் என் பால் போதாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி மனநல மருத்துவர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.